மும்முனையின் இரண்டாவது ஆல்பம்

மும்முனை இசைக்குழுவின் முதல் ஆல்பம் வெளியான மறுநாள் காலையில் உச்சினி எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம் காப்பி கேட்டபோது, அவள் தொண்டையிலிருந்து அவளுடைய குரல் வரவில்லை, ஆல்பத்தில் இருந்த குரல் வந்தது. மேடு பள்ளம் எதுவும் இல்லாமல், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் அதனதன் சுருதியில் போய்ச் சரியாக உட்கார்ந்துகொள்ள, அடியில் அதே குரலின் நிழல் ஒன்று கீழ் ஸ்தாயியில் கூடவே நடந்துவர, மூச்சு வாங்குகிற சத்தம் மருந்துக்குக்கூட இல்லாமல் வந்தது. அம்மா செல்லக்கனி திரும்பிப் பார்த்துவிட்டு, "கருப்பட்டிக் காப்பியா, சீனிக் காப்பியா?" என்று கேட்டாள்.

வாடைக்குளத்தில் யாரும் எதற்கும் வாய் பிளப்பதில்லை. மேற்கு மலையின் இடைவெளி வழியாக ஆனி ஆடியில் புகுந்து வருகிற காற்று, கொடியில் காய்கிற சேலையை அடுத்த ஊர்க் கோபுரத்தில் கொண்டுபோய்ச் சுற்றிவிட்டு வரும், பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் பறித்துப்போய் ஆற்றங்கரை மாட்டுக்குத் தின்னக் கொடுக்கும், ஒரு கல்யாணப் பந்தலை அப்படியே தூக்கி அடுத்த தெருவில் இன்னொரு கல்யாணத்துக்கு நட்டும் வைக்கும். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் காற்றாலைகள் கை வீசிக்கொண்டு நிற்க, ஒரு பொருள் இருந்த இடத்தில் இல்லையென்றால் காற்று கொண்டுபோயிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். உச்சினியின் குரலும் இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டார்கள்.

மும்முனையில் மூன்று பேர். பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த டார்வின். காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் கயிறு கட்டித் தொங்கி இறக்கைக்கு வைத்தியம் பார்க்கிற செந்தூர்பாண்டி. மருந்துக் கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த உச்சினிமாகாளி என்கிற உச்சினி. 'நேர்கோடு' என்ற அந்த முதல் ஆல்பத்தில் கையால் அடித்த வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் டார்வினின் லேப்டாப்பில் பிறந்து லேப்டாப்பிலேயே வளர்ந்தது. உச்சினியின் பாட்டை மட்டும்தான் வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. அதையும் டார்வின் நாள்கணக்கில் உட்கார்ந்து நீவி, பிசிறு தட்டிய இடமெல்லாம் சீவி, தொண்டை கட்டிய இடத்தை அவிழ்த்து, இரண்டு வரிக்கு நடுவில் அவள் மூச்சு வாங்கியதைக்கூட வெட்டியெடுத்துக் குப்பையில் போட்டான். "சட்டையில சுருக்கம் இருந்தா தேய்ச்சுத்தானே போடுதோம்? இதுவும் அதுதான்" என்பான். ஆல்பம் எங்கெங்கோ போனது, சென்னையில் கேட்டார்கள், மலேசியாவில் ஆடினார்கள், வாடைக்குளத்தில் உச்சினியின் அப்பா கோமதிநாயகம் ஓட்டிய மினி பஸ்ஸில் காலை முதல் சாயங்காலம் வரை அதுதான் பாடியது.

நாகர்கோவிலில் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தங்கமான தொண்டை, இப்படி ஒன்று எனக்கு இருந்தால் நான் எதற்கு டாக்டருக்குப் படித்திருக்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். டார்வின் தன் பங்குக்கு லேப்டாப்பைத் திறந்து, சீவியதையெல்லாம் திரும்ப ஒட்டி, நீவியதையெல்லாம் கசக்கிவிட்டுப் பார்த்தான். லேப்டாப்புக்குள் உச்சினியின் பழைய குரல் கரகரவென்று திரும்பி வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உச்சினிக்கு வரவில்லை.

"இதுக்குள்ள சரியாயிட்டு. ஒங்கிட்டதான் ஆவல" என்றான் டார்வின்.

முதலில் ஊர் கேலி பேசியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து, "யக்கா, பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, அவள் பதில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலி தீர்ந்ததும் ஊருக்கு அந்தக் குரலால் என்ன பிரயோஜனம் என்று யோசனை போயிற்று. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்ல அழைத்தார்கள். மின்சார ஆபீஸ்காரர், நாளைக்கு முழுநாளும் கரண்டு இருக்காது என்பதை அவளைவிட்டு மைக்கில் சொல்லச் சொன்னார், சொன்னாள், ஆபீஸுக்குச் சண்டைக்குப் போகிறவர்கள் அன்றைக்கு ஒருத்தர்கூடப் போகவில்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவருக்கு அவள்தான் போய்ச் சொன்னாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டு மாலையைக் கழற்றி மாட்டுக்குப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார். அவள் சொன்னால் எதுவும் உறைப்பதில்லை என்று ஊர் கண்டுபிடித்துக்கொண்டது.

அந்தப் பக்கத்தில் சாவுச் செய்திக்குக் கேதம் என்று பெயர். கேதம் சொல்ல வருகிறவர் வீட்டுக்குள் ஏறக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன் போகிறேன் என்ற பேச்சில்லாமல் திரும்பிப் போய்விட வேண்டும். பிச்சம்மாள் என்ற பொம்பிளையின் மகன் துபாயில் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தபோது, ஊர் ஆம்பிளைகள் முழுக்க அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, நீ சொல்லு நீ சொல்லு என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து அந்த வழியாக வந்த உச்சினி என்னவென்று கேட்டாள். கேட்டவள் மனசு பொறுக்காமல் நேரே போய், "பிச்சம்மா சித்தி, ஒங்க மவன் எறந்துட்டான்" என்றாள். பிச்சம்மாள் அந்தக் குரலைக் கேட்டாள். "அப்பிடியா" என்றாள். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வாடைக்குளத்தில் கேதம் சொல்கிற வேலை வேறு யாருக்கும் போகவில்லை. ஊரில் மைக்கும் ரேடியோ செட்டும் வாடகைக்கு விடுகிற மாசிலாமணி அண்ணாச்சி அதற்குப் பொறுப்பெடுத்துக்கொண்டார்; எங்கே யார் செத்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும், அவர் உச்சினியிடம் வந்து, "எம்மா உச்சினி, ஒரு கேதம் சொல்லணும்" என்று ஆரம்பித்து, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதலிலும் செத்தது யார் என்பதைப் பிறகும் சொல்வார். அவருடைய சொந்தத் தம்பி செத்தபோதும் உச்சினியைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்தி, "எங்கிட்டச் சொல்லும்மா" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது, பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வந்தது. அவள் வாசலில் நின்று சொல்வாள், கேட்பவர்கள் அப்படியா என்பார்கள், பெட்டி வரும், மாலை வரும், எல்லோரும் வரிசையாக நின்று காப்பி குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். ஊரில் அழுகைச் சத்தம் நின்றுபோயிற்று. நல்லதுதானே என்றார்கள். நல்லதுதான், உச்சினியைத் தவிர மற்ற எல்லோருக்கும்.

ஏனென்றால் அந்தக் குரல் அவளுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. பிச்சம்மாளின் மகனோடு ஒரே வகுப்பில் படித்தவள் அவள். அழ வேண்டும் என்று வாயைத் திறந்தால் வீணை மீட்டியது மாதிரி ஒரு ஸ்வரம் வரும், அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிப்போகும். கோபம் வந்து கத்தினால் ஏதோ கடையைத் திறந்து வைக்கிறவள் மாதிரி இருக்கும். வேண்டாம் என்று சொன்னால் ஆகட்டும் என்று சொன்னது போலத்தான் விழும். வார்த்தை காதில் ஏறும், அதன் கனம் ஏறாது. நான் இனிமேல் கேதம் சொல்ல வரமாட்டேன் என்று எத்தனையோ தடவை மாசிலாமணி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டாள், அவர் ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த நாள் வந்து நின்றார். கடைக்குப் போய்ப் பொட்டுக்கடலை கேட்டால்கூடக் கடைக்காரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு, "யாரு?" என்று கேட்டாள். எந்த வீட்டிலும் அவளை உள்ளே வா என்று சொல்வதில்லை. அவள் வாசலில் நிற்பதற்கென்றே பிறந்தவள் என்று ஆகிப்போனாள்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மினி பஸ் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தே ஆயுசைக் கழித்த கோமதிநாயகத்துக்குக் காது மந்தம். யார் என்ன சொன்னாலும் காதைக் கொடுக்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். உச்சினியைப் பெண் பார்க்க வள்ளியூரிலிருந்து வந்த கூட்டம், "எனக்கு இஷ்டமில்ல" என்று அவள் வாய்விட்டுச் சொன்ன பிறகும், என்ன மரியாதையான பிள்ளை என்று சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை நீட்டியது. செல்லக்கனியே கையை நீட்டி வாங்கப் போய்விட்டாள். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோமதிநாயகம் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பிள்ளைக்குப் பிடிக்கலயாம். காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார்.

"அவதான் சரின்னுட்டாள்லா?" என்றாள் செல்லக்கனி.

"நீ என்னத்தப் பாத்த?" என்று கேட்டுவிட்டு அவர் பஸ் எடுக்கப் போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் உச்சினி டார்வினிடமும் செந்தூர்பாண்டியிடமும் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேசினாள். முதல் ஆல்பம் மாதிரி இன்னொன்று கேட்டு எல்லாப் பக்கமிருந்தும் நச்சரிப்பு வந்துகொண்டிருந்த நேரம், டார்வின் பாதியைச் செய்தும் வைத்திருந்தான். அவளோ, இது வேண்டாம், ராக் பண்ணுவோம், கிடார் வேண்டும், கையால் அடிக்கிற டிரம்ஸ் வேண்டும், மண்டை கிழிகிற சத்தம் வேண்டும் என்றாள். வேண்டாம் என்பதை இவர்களாவது நம்பட்டும் என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதியும் காட்டினாள்.

"கேக்கிறவன் ஓடிப் போயிருவான் உச்சினி. நம்ம பேரே அந்தச் சுத்தத்துக்குத்தான்" என்றான் டார்வின்.

"போறவன் போவட்டும்ல. நான் பழகுதேன் கிடாரு" என்றான் செந்தூர்பாண்டி. கோபுரத்து உச்சியில் தொங்கித் தொங்கி அவனுக்குப் பயம் என்பது மறந்துபோயிருந்தது.

ஊருக்கு வெளியே, உடைந்த காற்றாலை இறக்கைகளைப் போட்டு வைத்திருந்த பெரிய கொட்டகை ஒன்று இருந்தது. செந்தூர்பாண்டி அங்கே கிடாரையும் ஆளுயர ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து இறக்கினான், வள்ளியூர்ப் பக்கத்துச் சர்ச் ஒன்றில் புதுசு வாங்கியதால் ஓரங்கட்டியிருந்த டிரம்ஸையும் கேட்டு வாங்கி வந்தான். கம்பியைத் தொட்டதும் ஸ்பீக்கர் கரகரத்து, இரைந்து, கிழிந்து, தகரக் கூரை முழுக்க அதிர்ந்தது. திமிங்கலம் மாதிரிக் கிடந்த இறக்கைகளுக்கு நடுவில் நின்று உச்சினி நெஞ்சைப் பிளந்துகொண்டு கத்தினாள். அத்தனை இரைச்சலுக்கும் மேலே ஏறி, எண்ணெய் தடவிய விரல் மாதிரி வழுக்கிக்கொண்டு, பிசிறில்லாமல் அந்தக் குரல் வந்து நின்றது. திரும்பக் கத்தினாள். இருமினாள், மிளகாயைக் கடித்துக்கொண்டு கத்தினாள், தொண்டை புண்ணாகி எச்சிலில் ரத்தம் வரக் கத்தினாள், ரத்தம் வந்தது, பிசிறு வரவில்லை. டார்வின் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஆல்பத்துக்கு மட்டும் 'கரடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எச்சிலில் ரத்தம் வந்த சேதி ஊருக்குள் வந்ததும் ஊர் பதறிப்போயிற்று. மாசிலாமணி அண்ணாச்சி தலைமையில் நாலு பெரிய மனுஷர்களும் மகளிர் குழுப் பெண்களும் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் உச்சினிக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இப்பிடிக் கத்தினா தொண்டை கெட்டுப் போவும்லாம்மா. அப்புறம் எங்களுக்கு யாரு இருக்கா? யாரு வந்து சொல்லுவா?" என்றார் அண்ணாச்சி.

"அது கெட்டுப் போவட்டும்னுதான் கத்துதேன்" என்றாள் உச்சினி. அது அவர்கள் காதில் தேனாகப் பாய்ந்தது. புரிந்துகொண்டாள், நல்ல பிள்ளை என்று மனசாரச் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள்.

மறுநாளிலிருந்து அவள் தொண்டைக்குக் காவல் வந்தது. மகளிர் குழுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, காலையில் ஒருத்தி சுக்குத் தண்ணீரோடு, மத்தியானம் ஒருத்தி மிளகு ரசத்தோடு, சாயங்காலம் ஒருத்தி கழுத்தில் சுற்றக் கம்பளித் துணியோடு என்று அவள் போகிற இடமெல்லாம் கூடவே வந்தார்கள். ஐஸ்காரர் அவளைக் கண்டால் பெட்டியை மூடிக்கொண்டு சைக்கிளை வேகமாக மிதித்தார். அவள் குரலை உயர்த்தினால் பக்கத்தில் நிற்கிறவள் ஆதரவாக உதட்டில் விரலை வைத்தாள். ஒருநாள் பையில் துணியைத் திணித்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள், கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்து வண்டியை நிறுத்தி, "எங்க அம்மாவுக்கு முடியல தாயி, இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கு, நீ இல்லாமப் போனா நான் எப்பிடித் தாங்குவேன்?" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ரயிலடியில் டிக்கெட் கொடுக்கிறவர் கும்பிட்டார். ஆட்டோக்காரர்கள் வீட்டுக்கு என்றால் மட்டும் வந்தார்கள். கதவைப் பூட்டி வைத்திருந்தால் உடைக்கலாம். இங்கே எல்லாக் கதவும் திறந்து கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் யாரை உடைப்பாள்?

கொட்டகைக்கு மட்டும் அவளைப் போக விட்டார்கள், பாடக் கூடாது என்ற நிபந்தனையோடு. காவலுக்கு வந்தவள் வெளியே வேப்பமரத்தடியில் பீடி சுற்றிக்கொண்டு இருக்க, உச்சினி உள்ளே டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து சும்மா தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாளம் நிற்கவில்லை, ஒரு அடி முந்தியும் ஒரு அடி பிந்தியும் விழுந்தது, டார்வின் முகத்தைச் சுளித்தான். செந்தூர்பாண்டி அந்தக் கோணல் தாளத்துக்கே கிடாரை இழுத்துக்கொண்டு போனான். பாட்டு என்று ஒன்று இல்லாமலேயே ஆல்பம் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிக்கொண்டிருந்தது. பாடுகிறவளுக்கு அதில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்படி ஒருநாள் நடுப்பகலில் மாசிலாமணி அண்ணாச்சி கொட்டகை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சில பேர், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எம்மா உச்சினி, ஒரு கேதம் சொல்லணும்."

அவள் குச்சிகளை வைத்துவிட்டு எழுந்தாள். "யார்ட்ட?"

"செல்லக்கனிகிட்ட."

ஊரில் வேறு செல்லக்கனி யாராவது இருக்கிறார்களா என்று அவள் நினைத்துப் பார்த்தாள். இல்லை.

"யாரு?" என்றாள்.

"கோமதிநாயகம். வண்டியில ஏறி ஒக்காந்திருக்காரு. சாவியக் கையில வச்சிக்கிட்டே சாஞ்சிட்டாரு" என்றார் அண்ணாச்சி, என்றைக்கும் போல, யாரிடம் என்பதை முதலிலும் யார் என்பதைப் பிறகும் வைத்து.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஒரு சாவை ஒரு ஆளிடம் எப்படிச் சொல்வது என்பதே அந்த ஊருக்கு மறந்துபோயிருந்தது. எல்லாக் கேதத்தையும் உச்சினியிடம் கொடுத்துப் பழகியவர்கள், உச்சினிக்குச் சொல்ல வேண்டிய கேதத்தையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். செந்தூர்பாண்டியின் கிடார் ஸ்பீக்கரில் தானாக ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. தன்னுடைய வேண்டாம் எடுபட்ட ஒரே இடமும் போய்விட்டது என்பதுதான் உச்சினிக்கு முதலில் உறைத்தது, அப்பா போய்விட்டார் என்பது அதற்குப் பிறகுதான். அந்த வரிசைக்காக அவள் ரொம்ப நாள் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

கூட்டம் பின்னால் வர அவள் வீட்டுக்கு நடந்தாள். பழக்க தோஷத்தில் சொந்த வீட்டு வாசலிலேயே படி ஏறாமல் நின்றுவிட்டாள். செல்லக்கனி கதவுக்கு நேரே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி வெளிய நிக்க? உள்ள வா."

உச்சினி பேசவில்லை. தெருமுனையில் நின்ற கூட்டம் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. குரல் வந்தால் தங்களுக்கும் அந்த ஆள்மேல் இருந்த பிரியம் வலிக்காமல் இறங்கிவிடும் என்று காத்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா அப்படியா என்பாள், பீடிக்கட்டை எண்ணிக் கட்டுவாள், சாயங்காலம் அப்பாவை வரிசையாக நின்று வழியனுப்பிவிடுவார்கள். ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு இதுதான் கூலியா என்று உச்சினி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

செல்லக்கனி கத்திரியைக் கீழே வைத்தாள். குரல் வராததால் பார்க்க வேண்டியதாயிற்று. மகள் இந்தக் குரலில் பேச ஆரம்பித்த காலம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர அந்த முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். பார்க்கப் பார்க்க முறம் சரிந்து புகையிலைத் தூள் சேலையெல்லாம் கொட்டியது.

"ஏட்டி, ஒங்கப்பாவா?"

உச்சினி தலையை அசைத்தாள். செல்லக்கனி அழுதாள். வாடைக்குளம் மறந்தே போயிருந்த சத்தம் அது, அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, நடுவில் உடைந்து, மூச்சு முட்டி நின்று, திரும்பவும் புறப்பட்டது. மகளை இழுத்து உள்ளே போட்டுக் கட்டிக்கொண்டு, "அழுட்டி, ஒங்கப்பனுக்கு நீயும் அழுட்டி, வாயத் தொறந்து அழுட்டி" என்று உலுக்கினாள். உச்சினி தாங்க முடியாமல் வாயைத் திறந்தாள். அந்த ஸ்வரம் வந்தது, சுத்தமாக, அழகாக, அடியில் நிழலோடு. அவள் தோளில் கிடந்த அம்மாவின் விம்மல் அப்படியே தணிந்தது. கன்னத்தில் பாதி வழியில் கண்ணீர் நின்றது. "சரி. சரி, போயிட்டாரு, என்ன செய்ய" என்று செல்லக்கனி முகத்தைத் துடைக்கப் போனாள்.

உச்சினி தன் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். பொத்தியும் போதாமல் துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு அழுகை திரும்பி வருகிற வரைக்கும் சுவரோடு சாய்ந்து நின்று காத்திருந்தாள். அது திரும்பி வந்தது, மெதுவாக, பயந்து பயந்து வந்தது, வந்தபிறகு நிற்கவில்லை. அம்மா இரண்டு பேருக்குமாக அழுதாள், மகள் வாயில் துணியோடு மாரில் மட்டும் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சத்தம் தெருமுனைக்குப் போயிற்று. கூட்டத்தில் நின்ற பிச்சம்மாள், என்றைக்கோ அப்படியா என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போனவள், திடீரென்று துபாய் மகனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்றவளுக்குப் புருஷன் ஞாபகம் வந்தது. அழுகை வீடு வீடாக ஏறியது. ஆறிப்போய்விட்டது என்று நினைத்திருந்த சாவெல்லாம் ஆறாமல் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது, ஒவ்வொன்றும் இன்றைக்குத்தான் நடந்தது மாதிரி வெளியே வந்தது. கோமதிநாயகத்தை எடுத்துக்கொண்டு போனபோது யார் யாருக்காக அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் மூடினார்கள், பஸ் ஓடவில்லை, காற்றாலைகள் மட்டும் சுற்றின.

மறுநாள் காலையில் மாசிலாமணி அண்ணாச்சி ரேடியோ செட்டைத் தள்ளுவண்டியில் வைத்து உச்சினி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். தம்பிக்காக விடிய விடிய அழுது அவர் கண் வீங்கியிருந்தது. பின்னால் ஊரே வந்திருந்தது.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. எல்லாம் சரியாயிரும்னு மைக்குல ஒரு வார்த்தை. எங்களால தாங்க முடியலம்மா" என்று மைக்கை நீட்டினார்.

உச்சினிக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஒரு வார்த்தைதான், ஊர் முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடும், அவள் திரும்பவும் வாசல் வாசலாக நிற்கப் போய்விடலாம். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"வெக்கப்படுதா. மைக்கக் கிட்டக் கொண்டுபோங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அண்ணாச்சி ஒரு படி ஏறினார். அவள் திரும்பவும் தலையை ஆட்டினாள். இன்னொரு படி ஏறினார்.

உள்ளேயிருந்து செல்லக்கனி எழுந்து வந்து மகளுக்கு முன்னால் நின்றாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை போயிருந்தது, மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தக் கிழிந்த குரல் தெருக்கோடி வரைக்கும் கரகரத்துக்கொண்டு போயிற்று.

"எம் மவ வேண்டாம்ங்கா. ஒங்க யாருக்கும் கண்ணு இல்லயா?"

அண்ணாச்சி உச்சினியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மைக்கைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டு படி இறங்கினார்.

அதன்பிறகு ஊர் பஸ் ஓடியது, ஐஸ்காரர் நின்று வியாபாரம் செய்தார், கேதத்தை அவரவர் தட்டுத் தடுமாறி அவரவர் வாயால் சொன்னார்கள், கேட்டவர்கள் அழுதார்கள். உச்சினிக்குக் குரல் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் இன்றைக்கும் அதேதான், அவள் திறப்பதும் குறைவு. காரியம் முடிந்து அவள் கொட்டகைக்குப் போனபோது, டார்வின் அவள் பாடுவதற்காக வைத்திருந்த மைக்கை எடுத்துக் கிடார் ஸ்பீக்கருக்கு முன்னால் மாற்றி வைத்தான். செந்தூர்பாண்டி சத்தத்தைக் கூட்டுகிற திருகை அது போகிற மட்டும் திருகினான். உச்சினி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தாள்.

'கரடு' ஆல்பத்தில் பாட்டு கிடையாது. கிடார் கிழிந்துகொண்டு போகிறது, டிரம்ஸ் முந்தியும் பிந்தியும் விழுகிறது, முதல் ஆல்பத்தை ரசித்தவர்கள் இதென்ன காட்டுக்கத்தல் என்று பாதியில் விட்டுவிட்டார்கள். பதிவு நடந்த அந்தப் பகலில், இரைச்சல் உச்சத்துக்குப் போனபோது, உச்சினி அடிப்பதை நிறுத்தாமல் வாயை அகலத் திறந்து அழுததை டார்வின் மட்டும் லேப்டாப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தான். அப்பாவைக் கூப்பிட்டு அழுகிறாள் என்பது அவள் உதட்டில் தெரிந்தது. ஹெட்போனைக் காதில் அழுத்திப் பார்த்தான், அவள் குரல் எங்கேயும் விழவில்லை. அத்தனை சத்தத்துக்குள் அது யாரையும் எட்டவில்லை, யாரையும் தேற்றவில்லை. சத்தம் நின்றுவிடக் கூடாது என்று டார்வின் செந்தூர்பாண்டிக்குக் கையைக் காட்டினான், அவன் புரிந்துகொண்டு விடாமல் வாசித்தான்.